கிரெடிட் கார்டில் கார் வாங்குவது எப்படி: தோட்டத்துச் சம்பளக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில், சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து ஈப்போவுக்குக் கார் பார்க்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: “அண்ணே, கார்டுல போட்டுக்கலாமா?”

போடலாம். ஆனால் முழுக் காரையும் போட முடியாது. போட முடிந்த தொகையையும் கண்ட நேரத்தில் போடக்கூடாது. நான் பார்த்தவரை ஆட்கள் மாட்டிக்கொள்வது வரிசையை மாற்றுவதால்தான். டெபாசிட்டைக் கார்டில் தேய்த்துவிட்டு அப்புறம் லோனுக்கு மனு போடுகிறார்கள். லோன் நின்றுபோகிறது, கார்டில் கடன் மட்டும் மிஞ்சுகிறது.

கீழே வரும் கணக்குகளுக்கெல்லாம் 40,000 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள ஒரு புதுக் காரை எடுத்துக்கொள்கிறேன். உங்கள் காருக்கு ஏற்றபடி எண்களை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

1. முதலில் கார்டு எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள்

மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் விதிப்படி, கிரெடிட் கார்டு வாங்க ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி இருக்க வேண்டும். அதாவது மாதம் 2,000. குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. அதை மட்டும் வாங்குகிறவருக்கு ஆண்டுக்கு 20,400தான் வரும், கார்டு கிடைக்காது. ஓவர்டைம், செம்பனைக் குலை வெட்டுக் காசு எல்லாம் சேர்ந்து 2,000-ஐத் தாண்டினால் சம்பளச் சீட்டில் அது தெரிய வேண்டும். கையில் வாங்கிய காசை வங்கி கணக்கில் எடுக்காது.

ஆண்டு வருமானம் 36,000 வெள்ளி அல்லது அதற்குக் கீழே என்றால் இன்னும் இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. இரண்டு வங்கிகளின் கார்டுகளுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒவ்வொரு வங்கியும் மாதச் சம்பளத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல் லிமிட் தரக்கூடாது.

மாதம் 2,500 வாங்குகிற ஒருவருக்கு ஒரு வங்கியில் 5,000, இரண்டும் சேர்த்து அதிகபட்சம் 10,000. இதனால்தான் முழுக் காரையும் கார்டில் வாங்குவது நம் பக்கத்துச் சம்பளத்துக்கு நடக்காத காரியம். டெபாசிட் மட்டும் இதற்குள் அடங்கும்.

“கொஞ்ச நாளைக்கு லிமிட்டை ஏத்திக் கொடுங்க” என்று வங்கியில் கேட்கலாமா? 36,000-க்கு மேல் வாங்குகிறவர்கள் கேட்டுப் பார்க்கலாம். அதற்குக் கீழே உள்ளவர்களுக்கு அந்த இரண்டு மடங்கு வரம்பு குறுக்கே நிற்கும்.

இன்னொன்று: லிமிட் 5,000 என்பதால் 5,000-ஐயும் தேய்க்க முடியும் என்று அர்த்தமில்லை. ஏற்கெனவே உள்ள மீதி, முன்பு வாங்கிய டிவியின் தவணை எல்லாம் அதில் கழியும். வங்கி ஆப்பில் ‘மீதமுள்ள லிமிட்’ என்று காட்டுகிற எண்தான் உங்கள் எண்.

2. எதைக் கார்டில் போடலாம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

கார் வாங்கும்போது பணம் நான்கைந்து துண்டாகப் போகும். எல்லாத் துண்டும் கார்டுக்குப் பொருந்தாது.

புக்கிங் காசு கார்டுக்கு மிகவும் ஏற்றது. ஹயர் பர்ச்சேஸ் (தவணை முறைக் கொள்முதல்) சட்டப்படி இது விலையில் 1 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நம் காருக்கு 400 வெள்ளி. தொகை சின்னது, ரசீது உடனே கிடைக்கும், தகராறு வந்தால் ஆதாரம் இருக்கும்.

டெபாசிட்டைப் பாதி ஷோரூம்கள் கார்டில் வாங்கும், மீதி வாங்காது. சில இடங்களில் ஒரு பகுதியை மட்டும் கார்டில் வாங்கிக்கொண்டு மற்றதை வங்கி வழியாகக் கேட்பார்கள். 1967-ஆம் ஆண்டு ஹயர் பர்ச்சேஸ் சட்டம் ரொக்க விலையில் குறைந்தது 10 விழுக்காட்டை முன்பணமாகக் கட்டச் சொல்கிறது. நமக்கு 4,000 வெள்ளி.

இன்சூரன்ஸைக் கார்டில் கட்டுவது சாதாரணமாக நடப்பது. ரோட் டேக்ஸ் சின்னத் தொகை. 1,000 சிசி வரை 20 வெள்ளி, 1.3 லிட்டர் காருக்கு 70, 1.5 லிட்டருக்கு 90. அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

மாதத் தவணையைக் கார்டில் கட்ட வழி தேடாதீர்கள். கார் லோனைவிடக் கார்டுக் கடனுக்கு வட்டி மிக அதிகம். குறைந்த வட்டிக் கடனை அதிக வட்டிக் கடனால் அடைப்பதில் என்ன லாபம்?

கார்டிலிருந்து ரொக்கம் எடுத்து டெபாசிட் கட்டுவதும் வேண்டாம். எடுக்கும்போதே 5 விழுக்காடு போல கட்டணம் பிடிப்பார்கள், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், வட்டியில்லாத இலவச நாட்கள் கிடையாது. விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருக்கும் “கார்டைத் தேய்த்தால் உடனே பணம்” விளம்பரங்களைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அந்த நம்பருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் ஆ லோங், அதாவது லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரர்.

3. திருப்பிக் கட்டும் பணம் எங்கே என்று எழுதிவையுங்கள்

இந்த இடத்தில் பலரும் அவசரப்படுகிறார்கள். கார்டில் 4,000 தேய்ப்பதற்கு முன் அந்த 4,000 எந்தத் தேதியில், எந்தக் கணக்கிலிருந்து வரும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் இன்னும் நேரம் வரவில்லை என்று அர்த்தம்.

நல்ல பதில் ஒன்றுதான்: பணம் ஏற்கெனவே சேமிப்பில் இருக்கிறது, கார்டு அதைக் கடைக்குக் கொண்டுபோகிற வழி மட்டும். பணம் இருந்தும் கார்டைத் தேய்ப்பதற்குக் காரணம் உண்டு. ரொக்கத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டாம், ஆதாரம் இருக்கும், கார் வராவிட்டால் வங்கியில் முறையிடலாம், கொஞ்சம் கேஷ்பேக்கும் கிடைக்கலாம்.

“தீபாவளி போனஸ் வந்ததும் கட்டிடுவேன்” என்பது இரண்டாம் தரப் பதில். போனஸ் தேதியும் கார்டு தேதியும் பொருந்தினால் சரி.

“மாசா மாசம் மினிமம் கட்டிக்குவேன்” என்பது மோசமான பதில். கணக்கைப் பாருங்கள். மினிமம் என்பது மீதியில் 5 விழுக்காடு அல்லது 50 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது. வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு. தவறாமல் 12 மாதம் கட்டியவருக்கு 15, அடிக்கடி தவறுகிறவருக்கு 18.

4,000 வெள்ளிக்கு 18 விழுக்காட்டில் முதல் மாத வட்டி மட்டும் 60 வெள்ளி. நீங்கள் கட்டுகிற மினிமம் 200 வெள்ளி போல. அதில் 140தான் கடனைக் குறைக்கும். அடுத்த மாதம் மினிமமும் குறையும், கடன் குறைகிற வேகமும் குறையும். 15 விழுக்காட்டிலேயே மினிமம் மட்டும் கட்டிக்கொண்டு போனால் அடைக்க ஏறக்குறைய 5 வருடம் ஆகும், வட்டி ஆயிரம் வெள்ளியைத் தாண்டும். அதே 5 வருடமும் கார் லோனையும் கட்ட வேண்டும்.

தேதி தவறினால் தாமதக் கட்டணம் வேறு: 10 வெள்ளி அல்லது மீதியில் 1 விழுக்காடு, எது அதிகமோ அது, அதிகபட்சம் 100 வெள்ளி.

தோட்டத்துச் சம்பளம் மாதா மாதம் ஒரே மாதிரி வராது என்பதையும் கணக்கில் வையுங்கள். மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் பால் வெட்டு நின்றுவிடும், செம்பனையில் குலை குறைகிற மாதங்களும் உண்டு. நல்ல மாதத்துச் சம்பளத்தை வைத்துத் திட்டம் போடாதீர்கள். கடைசி ஆறு சம்பளச் சீட்டை எடுத்து வைத்து, அதில் மிகக் குறைந்ததை வைத்துப் போடுங்கள்.

4. லோன் கையெழுத்தாகும் வரை கார்டைத் தொடாதீர்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் பின்பற்றுவதாக இருந்தால் இதைப் பின்பற்றுங்கள்.

லோனுக்கு மனு போட்டதும் வங்கி உங்கள் சிசிரிஸ் அறிக்கையை, அதாவது பேங்க் நெகாராவிடம் உள்ள கடன் பதிவைப் பார்க்கும். உங்கள் பெயரில் எந்த வங்கியில் எவ்வளவு கடன், கடைசி 12 மாதம் ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். கிரெடிட் கார்டு மீதியும் அதில் வரும்.

அப்புறம் வங்கி ஒரு கணக்குப் போடும்: மாத வருமானத்தில் எத்தனை பங்கு கடனுக்குப் போகிறது? கார்டு மீதியில் 5 விழுக்காட்டைப் பல வங்கிகள் உங்கள் மாதக் கடமையாக எடுத்துக்கொள்ளும். டெபாசிட்டுக்காக 4,000 தேய்த்திருந்தால் அது மாதம் 200 வெள்ளி கடமையாகிவிடும்.

உதாரணத்துக்கு ஒரு தம்பி. மாதம் 2,800 வாங்குகிறார், மோட்டார் லோன் 200 போகிறது. கார் தவணை 700 என்று வைத்தால் மொத்தக் கடமை 900, வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. கார்டில் 4,000 இருந்தால் கடமை 1,100 ஆகிவிடும், ஐந்தில் இரண்டு பங்கு கடனுக்கே போகிறது. முதல் கணக்கில் தலையாட்டுகிற அதிகாரி இரண்டாவதில் “ஜாமீன் ஆள் இருக்கா?” என்று கேட்கலாம், தொகையைக் குறைக்கலாம், மறுத்தும் விடலாம். சேமிப்பில் 4,000 இருக்கிறது என்பது அந்த அறிக்கையில் தெரியாது, கடன்தான் தெரியும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பழைய கார்டு மீதியை முடிந்தவரை அடையுங்கள். அடைத்தது அறிக்கையில் ஏறுவதற்கு நேரம் கொடுங்கள். இன்று கட்டியது நாளைக்கே அதில் தெரியாது. பேங்க் நெகாராவின் இ-சிசிரிஸ் சேவையில் உங்கள் அறிக்கையை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம் புக்கிங், அப்புறம் லோன் மனு, ஒப்புதல் கடிதம், ஒப்பந்தத்தில் கையெழுத்து. டெபாசிட் அதற்குப் பிறகு.

ஷோரூமில் அவசரப்படுத்துவார்கள். “இன்னிக்கே டெபாசிட் போட்டாத்தான் இந்தக் கலர் நிக்கும்” என்பார்கள். புக்கிங் காசு எதற்கு வாங்கினார்கள்? காரைப் பிடித்து வைக்கத்தானே.

ஒரே நேரத்தில் நாலு வங்கிக்கு மனு போடுவதையும் தவிருங்கள். மனு போட்டதும் அறிக்கையில் பதிவாகும். பார்க்கிற அதிகாரிக்கு, பணத்துக்கு அலைகிற ஆள் போலத் தெரியும்.

5. ஷோரூமில் புக்கிங் போடும் முன் கேட்க வேண்டியவை

போனில் கேட்டாலே போதும். ஆனால் பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சேல்ஸ்மேன் மாறினாலும் எழுத்து மாறாது.

டெபாசிட்டை எந்தத் தொகை வரை கார்டில் வாங்குவீர்கள்? சிலர் “வாங்குவோம்” என்று சொல்லிவிட்டு, போன பிறகு “ஆயிரம் வரைக்கும்தான்” என்பார்கள்.

கார்டில் கட்டினால் மேலே ஏதாவது வைப்பீர்களா? கார்டு மெஷினுக்காகக் கடை தன் வங்கிக்கு ஒரு கட்டணம் கொடுக்கிறது. அதை உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள். வங்கியோடு கடை செய்துகொள்ளும் ஒப்பந்தம் பொதுவாக இதை அனுமதிப்பதில்லை. அதை மரியாதையாகச் சொல்லிப் பாருங்கள். அப்படியும் கேட்டால் கணக்குப் போடுங்கள்: 4,000-க்கு 2 விழுக்காடு 80 வெள்ளி. கேஷ்பேக் கார்டுகளில் மாதத்துக்கு ஒரு உச்சவரம்பு இருக்கும்; அந்த 80-ஐ அது ஈடுகட்டுவது அபூர்வம். அப்படியானால் வங்கியிலிருந்து நேராக மாற்றிவிடுவதே மேல்.

லோன் கிடைக்காவிட்டால் புக்கிங் காசு எப்படித் திரும்பும், எத்தனை நாளில்? கார்டில் கட்டியது கார்டுக்கே திரும்புமா?

யார் பெயரில் கார்டு இருக்க வேண்டும்? இது தோட்டத்துக் குடும்பங்களில் அடிக்கடி வருகிற சிக்கல். கார் அப்பா பெயரில், கார்டு மகள் பெயரில். சில ஷோரூம்கள் வாங்குகிறவர் கார்டைத்தான் ஏற்பார்கள். ஏற்றாலும் மகள் நேரில் வர வேண்டும். கார்டையும் பின் நம்பரையும் அப்பாவிடம் கொடுத்தனுப்புவது சரியில்லை. ஏதாவது நடந்தால் வங்கி கைவிரித்துவிடும். சப்ளிமென்டரி கார்டு (முதல் கார்டோடு சேர்ந்த துணைக் கார்டு) எடுத்தால் தீரும் என்று நினைப்பார்கள். அதற்குத் தனி லிமிட் கிடையாது, கடன் முழுக்க முதல் கார்டுக்காரர் தலையில்தான் விழும்.

“ஃபுல் லோன், டெபாசிட்டே வேண்டாம்” என்று ஆசை காட்டினால் விலைச் சீட்டை நன்றாகப் பாருங்கள். விலையை ஏற்றி எழுதி டெபாசிட் கட்டியதுபோலக் காட்டுவது பழைய தந்திரம். ஏற்றிய விலைக்கும் வட்டி கட்டப்போவது நீங்கள்.

6. தேய்க்கும் தேதியைத் தேர்ந்தெடுங்கள்

ஒவ்வொரு கார்டுக்கும் மாதத்தில் ஒரு ஸ்டேட்மென்ட் நாள் உண்டு. அதிலிருந்து குறைந்தது 20 நாள் கழித்துத்தான் பணம் கட்டும் கெடு.

ஸ்டேட்மென்ட் 5-ஆம் தேதி என்று வைப்போம். 4-ஆம் தேதி தேய்த்தால் மறுநாளே ஸ்டேட்மென்டில் ஏறிவிடலாம், கெடு அதே மாதம் 25. அதையே 6-ஆம் தேதி தேய்த்தால் அடுத்த மாதம் 5-ஆம் தேதி ஸ்டேட்மென்டில்தான் வரும், கெடு அடுத்த மாதம் 25. இரண்டு நாள் பொறுத்ததற்கு ஒரு மாதம் கூடுதலாகக் கிடைக்கிறது, வட்டி இல்லாமல்.

வேலைச் சட்டப்படி சம்பளம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் வந்துவிட வேண்டும். எனவே கெடு 20-க்கு மேல் விழுகிற கார்டு தோட்டத்துச் சம்பளத்துக்கு வசதி. இரண்டு சம்பளம் நடுவில் வந்துவிடும்.

இதில் ஒரு நிபந்தனை இருக்கிறது. முந்தின ஸ்டேட்மென்டை முழுதாகக் கட்டியிருந்தால்தான் இந்த இலவச நாட்கள். பழைய மீதியை இழுத்துக்கொண்டு வருகிறவருக்குப் புதுச் செலவுக்கும் உடனே வட்டி ஓட ஆரம்பித்துவிடும். பாக்கி 50 வெள்ளிதானே என்று விட்டவர்களுக்கு 4,000-க்கும் வட்டி வந்திருக்கிறது.

7. முந்தின நாள் வங்கிக்குச் சொல்லிவிடுங்கள்

வழக்கமாக மளிகைக்கும் பெட்ரோலுக்கும் தேய்க்கிற கார்டில் திடீரென்று ஆயிரக்கணக்கில் வந்தால் வங்கியின் கணினி சந்தேகப்பட்டு நிறுத்திவிடும். கார்டுக்குப் பின்னால் உள்ள நம்பரைக் கூப்பிட்டு, நாளைக்கு இந்தத் தொகை கார் ஷோரூமில் போகும் என்று சொல்லிவையுங்கள்.

ஆப்பில் ஒரு தடவைக்கு இவ்வளவுதான், ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைத்திருப்பீர்கள். அதையும் ஏற்றிவையுங்கள். சிலர் வைத்ததையே மறந்துவிடுகிறார்கள்.

ஆறு இலக்கப் பின் நம்பர் ஞாபகம் இருக்கிறதா? 250 வெள்ளி வரை கார்டைத் தட்டினாலே போதும் என்பதால் வருடக்கணக்கில் பின் போடாதவர்கள் நிறைய. பெரிய தொகைக்குப் பின் கட்டாயம். தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தால் கார்டு பூட்டிக்கொள்ளும். சந்தேகம் இருந்தால் முந்தின நாளே ஏடிஎம்மில் போட்டுப் பாருங்கள்.

8. தேய்க்கும் நாள்

எடுத்துப் போக வேண்டியவை: ஐசி (அடையாள அட்டை), கார்டு, லோன் ஒப்புதல் கடிதம், விலைச் சீட்டு, புக்கிங் ரசீது. போனில் பேட்டரியும் டேட்டாவும் இருக்கட்டும், வங்கி ஒப்புதல் கேட்டு ஆப்பில் செய்தி வரலாம்.

கார்டு உங்கள் கண்ணை விட்டுப் போகக்கூடாது. “மெஷின் மாடியில இருக்கு, கொடுங்க கொண்டு வர்றேன்” என்றால் நீங்களும் மாடிக்குப் போங்கள்.

மெஷின் திரையைப் பின் போடும் முன் படியுங்கள். 4000.00 என்று இருக்க வேண்டும். அவசரத்தில் ஒரு பூஜ்யம் கூடினால் லிமிட் தாண்டி நின்றுவிடும், அது பரவாயில்லை. ஒரு பூஜ்யம் குறைந்து 400 ஆகிவிட்டால் பாக்கி 3,600-க்கு மறுபடி தேய்க்க வேண்டும், ரசீது இரண்டாகும், கணக்கு குழம்பும்.

வெளியே வருகிற சீட்டை அங்கேயே நின்று பாருங்கள். மேலே கடையின் பெயர். விலைச் சீட்டில் உள்ள கம்பெனிப் பெயரும் அதுவும் ஒன்றா? சம்பந்தமில்லாத ஒரு போன் கடைப் பெயரோ ஹார்ட்வேர் கடைப் பெயரோ இருந்தால் அடுத்தவர் மெஷினை இரவல் வாங்கித் தேய்க்கிறார்கள். நாளைக்கு முறையிடப் போனால் ‘கார் வாங்கினேன்’ என்று நிரூபிப்பது கஷ்டம். அங்கேயே ரத்து செய்யச் சொல்லுங்கள். கடைப் பெயருக்குக் கீழே தேதி, தொகை, கார்டின் கடைசி நாலு எண், ஒப்புதல் எண் இருக்கும். எல்லாவற்றையும் சரிபார்த்துவிட்டு உடனே போனில் படம் எடுங்கள். அந்தத் தாள் வெயிலில் காரின் டாஷ்போர்டில் கிடந்தால் சில வாரத்திலேயே வெள்ளையாகிவிடும்.

மெஷின் சீட்டு மட்டும் போதாது. கம்பெனியின் ரசீது தனியாக வேண்டும். அதில் ‘டெபாசிட்’ என்ற சொல்லும், கார் மாடலும், உங்கள் பெயரும், ஐசி எண்ணும் இருக்க வேண்டும். கம்பெனி ரசீது இல்லாமல் வந்தவர்களிடம் பிறகு “அது ஆக்சஸரிஸ் காசு” என்று சொன்ன கதையெல்லாம் உண்டு.

“ரிஜெக்ட்” என்று வந்தால் உடனே மறுபடி தேய்க்க விடாதீர்கள். முதலில் ஆப்பைத் திறந்து தொகை கழிந்ததா என்று பாருங்கள். லைன் சரியில்லாத இடங்களில் மெஷின் இல்லை என்று சொன்னாலும் வங்கியில் பிடித்திருக்கக்கூடும்.

இரண்டு கார்டில் பிரித்துக் கட்டினால், உதாரணமாக 2,500-உம் 1,500-உம், இரண்டு சீட்டின் ஒப்புதல் எண்ணையும் ஒரே கம்பெனி ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்பிக் கட்டச் சொன்னாலும், சேல்ஸ்மேனின் சொந்தக் கணக்குக்கு மாற்றச் சொன்னாலும் செய்யாதீர்கள். எவ்வளவு பழகியவராக இருந்தாலும் சரி.

9. தவணையாக மாற்றுவது

பல வங்கிகள் பெரிய செலவை 6 அல்லது 12 மாதத் தவணையாக மாற்றித் தரும். சிலதில் வட்டி இல்லை, சிலதில் முதலிலேயே ஒரு கட்டணம் பிடிப்பார்கள். மொத்தம் எவ்வளவு கட்டுவேன் என்று ஒரே எண்ணாகக் கேளுங்கள்.

4,000-ஐ 12 மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 333 வெள்ளி போல. இந்தத் தொகை முழுதும் மினிமத்தில் சேர்ந்துவிடும். அதில் 5 விழுக்காடு கட்டித் தப்பிக்க முடியாது. லிமிட்டும் முழுதாக உடனே திரும்பாது, கட்டக் கட்டத்தான் திறக்கும். கார் தவணை 700, கார்டுத் தவணை 333, பெட்ரோல் என்று கூட்டிப் பார்த்து, குறைந்த சம்பள மாதத்திலும் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாற்ற வேண்டும் என்றால் ஸ்டேட்மென்ட் வருவதற்கு முன்பே வங்கியைக் கூப்பிடுங்கள்.

10. பழைய கார் என்றால்

பட்டணத்துப் பழைய கார் கடைகளில் பாதியில் கார்டு மெஷினே இருக்காது. இருந்தாலும் தவுக்கே (கடை முதலாளி) ரொக்கத்துக்குத்தான் விலை குறைப்பார். கார்டு வேண்டும் என்று அடம்பிடித்து நல்ல விலையை விட வேண்டாம். வங்கி மாற்றமும் ஆதாரம்தான்.

வரிசை மட்டும் கொஞ்சம் நீளும். புஸ்பாகோம் போன்ற வாகனப் பரிசோதனை நிலையத்தின் சோதனையில் கார் தேற வேண்டும், பழைய சொந்தக்காரரின் வங்கி தன் உரிமையை விடுவித்திருக்க வேண்டும், சம்மன் (போக்குவரத்து அபராதம்) பாக்கி இருக்கக்கூடாது. இதெல்லாம் முடிந்து லோனும் கிடைத்த பிறகு டெபாசிட். அதுவரை சின்ன புக்கிங் காசு மட்டும்.

11. ஏதாவது தவறினால்

கார் வரவில்லை, கடையும் காசைத் திருப்பவில்லை என்றால் முதலில் கடைக்கு எழுத்தில் கேளுங்கள், அப்புறம் கார்டு வங்கியில் முறையிடுங்கள். காத்திருக்க வேண்டாம், முறையிடுவதற்குக் கெடு உண்டு, நாள் போகப் போகக் கஷ்டமாகும். மெஷின் சீட்டு, கம்பெனி ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் மூன்றும் வேண்டும்.

வங்கியின் பதில் திருப்தியில்லை என்றால் நிதிச் சந்தைகளுக்கான ஒம்புட்ஸ்மேன் (குறைதீர்ப்பு) சேவைக்குப் போகலாம். கடையோடு நேரடி வழக்குக்குப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் தேவையில்லை.

மோசடி என்று தெரிந்தால் அதே நிமிடம் வங்கியைக் கூப்பிட்டுக் கார்டை முடக்குங்கள், உடனே தேசிய மோசடி உதவி மையத்தின் 997 எண்ணைக் கூப்பிடுங்கள், அப்புறம் போலீஸ் ரிப்போர்ட். பொழுது விடியட்டும் என்று வைத்தால் பணம் கணக்கு மாறிக் கணக்கு போய்விடும்.

கார் வந்து, தவணையும் கார்டும் சேர்ந்து கழுத்தை நெரித்தால் ஏகேபிகே-க்குப் போங்கள். பேங்க் நெகாரா அமைத்த நிறுவனம், ஆலோசனைக்குக் காசு கிடையாது, ஈப்போவிலும் கிளை உண்டு. கார்டுக் கடனை மாதம் கட்டக்கூடிய அளவுக்குப் பிரித்துத் தர வங்கியோடு பேசுவார்கள். இரண்டு மூன்று மாதம் கட்டாமல் விட்ட பிறகு போவதைவிட, அடுத்த மாதம் முடியாது என்று தெரிந்த உடனே சம்பளச் சீட்டையும் கார்டு ஸ்டேட்மென்டுகளையும் எடுத்துக்கொண்டு போனால் அவர்களுக்குப் பேச இடம் இருக்கும்.